கோடு எங்கே போடுவது? – குடோன் முதல் ஸ்கேன் வரை அல்காரிதம்

(இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மாணவி எழுதியது)



இன்று எங்கே திரும்பினாலும் 'அல்காரிதம்' என்ற பேச்சாகத்தான் இருக்கிறது. செல்போனில் அடுத்த வீடியோவைக் காட்டுவது அல்காரிதம், பாங்கில் கடன் கொடுக்கலாமா என்று பார்ப்பதும் அல்காரிதம் என்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் உள்ளே உட்கார்ந்து முடிவு எடுப்பதைப் போலத் தோன்றும். உண்மையில் அல்காரிதம் என்பது ஒரு வேலையைச் செய்து முடிக்க வரிசையாக வகுத்த படிகள், அவ்வளவுதான். தமிழில் படிமுறை என்று சொல்லலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது.

இந்தப் படிமுறை இரண்டு இடங்களில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒன்று, சரக்கு இருப்பைத் திட்டமிடுவது. மற்றொன்று, எக்ஸ்ரே, ஸ்கேன் போன்ற மருத்துவப் படங்களை ஆராய்வது. 'குடோனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டிலும் கடைசியில் ஒரு கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு லாபம். சில சமயம் உயிரே கூட!

எவ்வளவு வாங்குவது?

ஒர்க்‌ஷாப் ஸ்டோரை எடுத்துக்கொள்வோம். ஒரு பொருள் வருடத்துக்கு 3,600 எண்ணம் தேவை. ஒவ்வொரு தடவை ஆர்டர் போடும்போதும் பேப்பர் வேலை, வண்டி வாடகை என்று 200 ரூபாய் செலவு. ஒரு பொருளை ஒரு வருடம் ஸ்டோரில் வைத்திருக்க இடவாடகை, முடங்கிய பணத்துக்கு வட்டி எல்லாம் சேர்த்து 4 ரூபாய் செலவு. அப்படியானால் ஒரு தடவைக்கு எத்தனை வாங்குவது?

கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் செலவு ஏறும். மொத்தமாக வாங்கிக் குவித்தால் வைத்திருக்கும் செலவு ஏறும். இரண்டும் சேர்ந்து எங்கே குறைவோ அதுதான் சரியான அளவு. வருடத் தேவையை ஆர்டர் செலவால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நம் கணக்கில் 3,600 பெருக்கல் 200 பெருக்கல் 2 வகுத்தல் 4 என்றால் 3,60,000. அதன் வர்க்கமூலம் 600. ஆக, ஒரு தடவைக்கு 600 வீதம் வருடத்துக்கு 6 தடவை.

சரிபார்ப்போமா? ஆர்டர் செலவு 6 தடவைக்கு 1,200 ரூபாய். ஸ்டோரில் சராசரியாக 300 இருக்கும். அதற்கு 1,200 ரூபாய். மொத்தம் 2,400. இதையே ஒரு தடவைக்கு 300 வீதம் வாங்கினாலும் 3,000 ரூபாய் ஆகும். 1,200 வீதம் வாங்கினாலும் 3,000 ரூபாய்தான் ஆகும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்தச் சூத்திரத்தை 1913-ல் ஒரு அமெரிக்கத் தொழில் பத்திரிகையில் எழுதியவர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ். அவர் காலேஜ் வாசலை மிதிக்காதவர். பள்ளிப்படிப்போடு வேலைக்குப் போய், தானாகவே படித்து இன்ஜினியரானவர். நூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்க இன்ஜினியரிங் வகுப்புகளில் அவருடைய சூத்திரத்தை நடத்துகிறார்கள் என்றால் பாருங்களேன்!

எப்போது வாங்குவது?

எவ்வளவு என்பது தெரிந்தால் போதாது, எப்போது என்பதும் தெரிய வேண்டும். ஒரு நாளைக்குச் சராசரி 10 எண்ணம் செலவாகிறது, ஆர்டர் போட்டால் சரக்கு வர 9 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 9 நாளுக்கு 90 கைவசம் இருக்க வேண்டும். ஆனால் எல்லா நாளும் சராசரி நாளாக இருப்பதில்லை. ஒரு நாள் 6 போகும், ஒரு நாள் 15 போகும். ஆகவே 90-க்கு மேல் கொஞ்சம் காப்பு இருப்பு வைக்கிறோம்.

எத்தனை? இங்கேதான் முதல் கோடு வருகிறது. நூறு தடவை ஆர்டர் போட்டால் 95 தடவையாவது சரக்கு தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். தினசரி செலவின் விலக்கம் 4 என்றால், அதை நாட்களின் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்கி, பிறகு 1.65-ஆல் பெருக்கினால் சுமார் 20. ஆக, இருப்பு 110-க்கு இறங்கியவுடன் ஆர்டர் போட வேண்டும். '95 போதாது, 99 தடவை வேண்டும்' என்றால் 1.65 இருந்த இடத்தில் 2.33 வரும், காப்பு இருப்பு 28 ஆகும். இந்த 95, 99 என்ற எண்களைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. மனிதர்தான் சொல்ல வேண்டும். கடையில் சேஃப்டி பின் தீர்ந்தால் பரவாயில்லை, நாளைக்கு வாங்கிக்கலாம். பாம்புக்கடி மருந்து தீர்ந்தால்? அதற்கும் இதற்கும் ஒரே எண்ணைப் போட முடியுமா? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

மருந்து என்றதும் இன்னொரு செய்தி. தமிழக அரசு 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்வது, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைப்பது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து அதன்படி மருந்து வழங்குவது என்று அதன் வேலை அமைந்தது. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் வேலையும் நாம் மேலே போட்ட கணக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மருந்துக்கு இன்னொரு விதியும் உண்டு. எது முதலில் காலாவதி ஆகுமோ அது முதலில் வெளியே போக வேண்டும். என் அப்பா ஒரு மருந்து மொத்த வியாபாரக் குடோனில் லோடுமேன். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அட்டைப்பெட்டியில் மாதமும் வருடமும் எண்ணாக எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தேதி கிட்டே இருக்கிற பெட்டியை முன்னால் அடுக்குவார், தள்ளி இருப்பதைப் பின்னால் தள்ளுவார். 'சார்ட்டிங்' பாடம் எடுத்தபோது, இதை அப்பா தினமும் முதுகில் சுமந்து செய்கிறாரே என்று எனக்குத் தோன்றியது.

புளித்துப்போகும் சரக்கு

ஆணி, போல்ட் எல்லாம் இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். ஒரே நாளில் கெட்டுப்போகிற சரக்குக்கு என்ன கணக்கு? பேப்பர் கடை, பூக்கடை, எங்கள் அம்மாவின் இட்லி மாவுக் கடை எல்லாம் இந்த வகைதான்.

லீவில் 20 நாள் கடையில் உட்கார்ந்து, எத்தனை கிலோ கேட்டு வந்தார்கள் என்று நோட்டில் எழுதினேன். மாவு தீர்ந்த பிறகு வந்து திரும்பிப் போனவர்களையும் சேர்த்து எழுதினேன். இது முக்கியம். விற்றதை மட்டும் எழுதினால் தேவை எவ்வளவு என்பது தெரியவே தெரியாது. கணக்கு இப்படி வந்தது: 14 கிலோ கேட்ட நாள் 2, 16 கிலோ 4 நாள், 18 கிலோ 6 நாள், 20 கிலோ 4 நாள், 22 கிலோ 3 நாள், 24 கிலோ ஒரே நாள்.

ஒரு கிலோ மாவுக்கு அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் சேர்த்து 30 ரூபாய் அடக்கம். விற்பது 45. மிஞ்சினால் புளித்த மாவை மறுநாள் 10 ரூபாய்க்குத்தான் கொடுக்க முடியும். ஆக, ஒரு கிலோ குறைவாக ஆட்டினால் 15 ரூபாய் லாபம் போகும்; ஒரு கிலோ கூடுதலாக ஆட்டினால் 20 ரூபாய் நஷ்டம். விதி என்னவென்றால், 15-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 35-ஆல் வகுக்க வேண்டும். 0.43 வருகிறது. 100 நாளில் குறைந்தது 43 நாளாவது தேவையை ஈடுகட்டுகிற மிகச் சிறிய அளவை ஆட்ட வேண்டும் என்று பொருள். 16 கிலோ ஆட்டினால் 20-ல் 6 நாள்தான் போதும், அதாவது 30 சதவீதம். 18 கிலோ ஆட்டினால் 12 நாள் போதும், அதாவது 60 சதவீதம். எனவே விடை 18 கிலோ.

அம்மா ஆட்டுவதோ 20 கிலோ! காரணம் கேட்டேன். "ஒரு தடவ இல்லன்னு திருப்பி அனுப்பிட்டா, அடுத்த நாள் அவங்க பாக்கெட் மாவு வாங்கப் போயிடுவாங்க பாப்பா. போன ஆளு திரும்பி வரணும்ல?" என்றது அம்மா. இதையும் கணக்கில் சேர்க்கலாம். வாடிக்கையாளரை இழப்பதற்கு 30 ரூபாய் மதிப்புப் போட்டால், குறைவாக ஆட்டுவதன் செலவு 45 ஆகிறது. 45-ஐ 65-ஆல் வகுத்தால் 0.69. அதற்கு 18 கிலோ போதாது; 20 கிலோ ஆட்டினால் 80 சதவீதம் நாள் ஈடுகட்டும். அம்மாவின் கோடு மிகச் சரியாக அங்கேதான் விழுகிறது.

சூத்திரம் மாறவில்லை. எதையெல்லாம் செலவு என்று எழுதினோம் என்பதுதான் மாறியது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

லேத்தில் பிறந்த ஸ்கேன்

மருத்துவப் படம் என்பது கம்ப்யூட்டருக்கு வெறும் எண்களின் கட்டம். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு சின்னப் புதிர் போடுகிறேன். இரண்டு வரிசை, இரண்டு பத்தி, மொத்தம் நான்கு கட்டம். மேல் வரிசையின் கூட்டல் 5, கீழ் வரிசை 9. இடது பத்தி 6, வலது பத்தி 8. மேலே இடது மூலையும் கீழே வலது மூலையும் சேர்ந்தால் 7. உள்ளே இருக்கும் எண்கள் என்ன?

மேலே 2, 3. கீழே 4, 5. கட்டத்தைத் திறக்காமலே, வெளியே கிடைத்த கூட்டல்களை வைத்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டோம். சி.டி. ஸ்கேன் செய்வதும் இதேதான்! பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே கதிரை அனுப்பி, ஒவ்வொரு பாதையிலும் மொத்தம் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று அளந்து, உடலுக்குள் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு தடுக்கிறது என்று அல்காரிதம் கணக்கிடுகிறது.

இதைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இசைத்தட்டுக்குப் பெயர்போன இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். அவரும் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர் இல்லை. லண்டன் ஃபாரடே ஹவுஸ் கல்லூரியில் டிப்ளமா படித்தவர். ஆம் நண்பர்களே, நம்மைப் போல டிப்ளமா! அவருடைய முதல் சோதனைக் கருவியில் கதிர்க்கருவியை நகர்த்துவதற்கு ஒரு லேத் பெட்டைத்தான் பயன்படுத்தினார். 28,000 அளவுகள் எடுக்க 9 நாள் பிடித்தது. அதைக் கம்ப்யூட்டர் கணக்கிட இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1-ந் தேதி லண்டன் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 80-க்கு 80, அதாவது 6,400 கட்டம் கொண்ட படம். 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டும், இதன் கணிதத்தைத் தனியே ஆராய்ந்த ஆலன் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்றும் சி.டி. படத்தின் அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர்தான். அந்த அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000.

கறுப்பும் வெளுப்பும்

எண்கள் கிடைத்துவிட்டன. இனி எது எலும்பு, எது சதை, எது கட்டி என்று பிரிக்க வேண்டும். எளிமையான வழி, ஒரு எண்ணைக் கோடாக வைத்து அதற்கு மேலே ஒரு வகை, கீழே ஒரு வகை என்று பிரிப்பது. கோட்டை எங்கே வைப்பது? ஜப்பானின் நொபுயுகி ஓட்சு 1979-ல் ஒரு வழி சொன்னார். எல்லாக் கோடுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார். எந்தக் கோட்டில் ஒவ்வொரு பக்கத்து எண்களும் தங்களுக்குள் நெருங்கி இருக்கின்றனவோ, அதை எடுத்துக்கொள்.

உதாரணமாக 10, 12, 14, 90, 92, 94 என்று ஆறு புள்ளிகள். கோட்டை 50-ல் வைத்தால் ஒரு பக்கச் சராசரி 12, மறுபக்கம் 92. எந்தப் புள்ளியும் தன் சராசரியிலிருந்து 2-க்கு மேல் விலகவில்லை. கோட்டை 13-ல் வைத்தால் மேல் பக்கச் சராசரி 72.5, அதில் மாட்டிக்கொண்ட 14 அந்தச் சராசரியிலிருந்து 58.5 தள்ளி நிற்கும். ஆகவே 50-தான் நல்ல கோடு. நமக்குத் தெரிந்த 'ஃபார்' லூப் ஒன்றும் 'இஃப்' ஒன்றும் போதும், சி மொழியில் நீங்களே எழுதிவிடலாம்.

நோய் என்று வரும்போது இவ்வளவு சுலபமாகப் பிரியாது. நோயுள்ள படமும் இல்லாத படமும் நடுவில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எங்கே கோடு போட்டாலும் இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர் தவறாகத்தான் விழுவார்கள்.

ஒரே அல்காரிதம், இரண்டு கோடுகள்

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்க கூகுள் ஆய்வாளர்கள் ஒரு அல்காரிதம் உருவாக்கி, 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். இதற்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டி, '54 டாக்டர்கள் இவற்றுக்கு இப்படித் தரம் போட்டார்கள், நீயும் கற்றுக்கொள்' என்று பழக்கினார்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆஸ்பத்திரிகளின் படங்களும் அதில் இருந்தன.

அந்தக் கட்டுரையில் விஷயம் இதுதான்: ஒரே அல்காரிதத்துக்கு இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார்கள். ஒரு சோதனையில், முதல் கோட்டில் நோயுள்ளவர்களில் 90.3 சதவீதம் பேரைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 98.1 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. இரண்டாவது கோட்டில் 97.5 சதவீதம் பேரைப் பிடித்தது. ஆனால் சரியாக விட்டது 93.4 சதவீதம்தான்.

1,000 பேரில் 100 பேருக்கு நோய் என்று வைத்து நாமே கணக்குப் போடுவோம். முதல் கோட்டில் சுமார் 10 நோயாளிகள் விடுபட்டுப் போவார்கள். நோயில்லாத 17 பேர் வீணாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இரண்டாவது கோட்டில் விடுபடுவது 2 அல்லது 3 பேர். வீணாகப் போவது 59 பேர். எது நல்ல கோடு?

இட்லி மாவுக் கணக்கைப் போலத்தான் இதுவும். விடுபட்டால் என்ன செலவு, வீணாக அனுப்பினால் என்ன செலவு என்று எழுத வேண்டும். அந்த 59 பேரில் ஒருவராக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு கண் முகாமில் போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்று கடை இல்லை. பஸ் சார்ஜ், சாப்பாடு, மருந்து விட்டு மங்கிய கண்ணோடு சாயந்திரம் வரை காத்திருப்பு. கடைசியில் 'ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாருங்கள்' என்றார்கள். "ஏம்மா, ஒரு நாள் வியாபாரம் போச்சே" என்றேன். "போனா போகுது. கண்ணு போயிருந்தா மாவு எப்படி ஆட்டுறது?" என்றது அம்மா. இழந்த ஒரு நாளை ஒரு பக்கமும் பார்வையை மறுபக்கமும் வைத்து அம்மா ஒரே வரியில் கோடு போட்டுவிட்டது.

ஆனால் எல்லாருக்கும் அப்படிப் போக முடியுமா? ஒரு நாள் கூலியை விட்டால் அன்று அடுப்பு எரியாத வீடும் உண்டு. அந்த வீட்டில் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் நோயைப் பிடித்தும் பயனில்லை.

டாக்டரின் நேரமும் ஒரு சரக்குதான்

இன்னொரு கணக்கும் உண்டு. 1,000 பேரில் 10 பேருக்கு மட்டுமே நோய் இருக்கும் ஊரில் அந்த இரண்டாவது கோட்டைப் போட்டால் என்ன ஆகும்? 10 பேரும் அநேகமாகப் பிடிபடுவார்கள். கூடவே நோயில்லாத 65 பேரும் வரிசையில் நிற்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு 25 பேரைத்தான் பார்க்க முடியும் என்றால், உண்மையான நோயாளி மூன்றாம் நாள் வரை காத்திருக்க நேரிடும். டாக்டரின் நேரமும் அளவுள்ள சரக்குதான். அதற்கும் காப்பு இருப்பு வேண்டும். ஸ்கேன் அல்காரிதத்தின் கோட்டைப் போடுகிறவர், குடோன் கணக்கும் தெரிந்தவராக இருந்தால்தான் அந்தக் கோடு பயன்படும்.

காசநோயைக் கண்டறிய, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டர் மூலம் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் மார்க் போடும். எந்த மார்க்குக்கு மேல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்பதை அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மெஷின் மார்க் போடும். பாஸ் மார்க் எது என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நாளை நாம் வேலைக்குப் போகிற இடத்தில் இப்படி ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வார்கள், அல்லது ஒன்றை எழுதச் சொல்வார்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்.

ஒன்று, இது எந்தெந்த விதத்தில் தவறும்? தவறவே தவறாது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

இரண்டு, ஒவ்வொரு தவறின் செலவும் யார் தலையில் விழுகிறது? அந்தச் செலவை யாராவது அவரிடம் கேட்டு எழுதினார்களா?

மூன்று, கணக்குக்கு எடுத்த விவரம் எங்கிருந்து வந்தது? வாங்கியவர்களை மட்டும் எண்ணினோமா, திரும்பிப் போனவர்களையும் எண்ணினோமா?

இந்த மூன்றுக்கும் பதில் எழுத நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள் தகுதியானவர்களே. ஒரு நாள் கூலி என்றால் என்ன என்பது நமக்குப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்ததில்லை. பள்ளிப்படிப்போடு நின்ற ஹாரிஸ் குடோனுக்குக் கணக்குச் சொன்னார். டிப்ளமா படித்த ஹவுன்ஸ்ஃபீல்டு லேத் பெட்டை வைத்து உடம்புக்குள் பார்க்க வழி செய்தார். நம் ஒர்க்‌ஷாப்பிலும் லேத் இருக்கிறது, லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆகவே நண்பர்களே, அடுத்த செமஸ்டர் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும்போது பழைய புராஜெக்டைக் காப்பி அடிக்காமல், பக்கத்துத் தெருக் கடையின் இருப்புக் கணக்கை எடுத்துப் பாருங்கள். கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து, ஏன் அங்கே விழுகிறது என்று அந்தக் கடைக்காரரிடமே கேளுங்கள்!